ஒரு போல்ட், இரண்டு கணக்கு

விண்கலத்துக்குள் ஒரு மின்னணுப் பெட்டியைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசியே இத்தனை ஆண்டு சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஊருக்குப் போனால் பெரியப்பா, "ராக்கெட் விடுற வேலைதானேம்மா?" என்பார். "இல்ல பெரியப்பா, போல்ட்டுக்குக் கணக்குப் போடுற வேலை" என்று சொன்னால் அவருக்கு நான் படித்த படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். ஆனால் நிஜம் அதுதான்.

பெங்களூரில் விண்கலங்களுக்குப் பெட்டிகளும் பிராக்கெட்டுகளும் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. கார்டில் தெர்மல் அண்ட் ஸ்ட்ரக்சுரல் அனலிஸ்ட் என்று போட்டிருக்கும். பெரிய மையங்களில் வெப்பத்துக்கு ஒரு பிரிவு, கட்டமைப்புக்கு வேறு பிரிவு. எங்களைப் போன்ற சின்ன இடத்தில் இரண்டுக்கும் ஒரே ஆள். காலையில் ஸ்ட்ரக்சர்காரியாக இருந்து ஒரு பிராக்கெட்டைத் தடிமனாக்குவேன். மத்தியானம் தெர்மல்காரியாகி, அதே பிராக்கெட் வழியாகச் சூடு கசிகிறது என்று மெலிதாக்கச் சொல்வேன். சண்டை போடுவதென்றாலும் எனக்கு நானேதான் எதிர்க்கட்சி.

பொருள் கைக்கு வருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஏறும்போது உடையுமா? ஏறியபின் வேகுமா, உறையுமா? இரண்டுக்கும் பதில் எழுதி, அந்தப் பதிலை நம்பித்தான் உலோகத்தை அறுக்கிறார்கள்.

வேலைக்குச் சேரும் புதுப்பிள்ளைகளை முதல் நாளே மென்பொருளைத் திறக்க விடமாட்டேன். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து ஒரு தகட்டுக் கணக்குப் போடச் சொல்வேன். பூமிக்குப் பக்கத்தில் சூரிய ஒளி சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் கொண்டுவருகிறது. முதுகுப்பக்கம் முழுக்கக் காப்பிட்ட ஒரு கறுப்புத் தகட்டைச் சூரியனுக்கு நேராகக் காட்டினால் எத்தனை டிகிரியில் போய் நிற்கும்? வாங்கும் சக்தியையும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மேன் விதிப்படி வெளியே விடும் சக்தியையும் சமன்செய்தால் 120 டிகிரி செல்சியஸ் வரும். இதுவரைக்கும் எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள்.

அடுத்த கேள்வி, கறுப்பு வேண்டாம், நன்றாகப் பாலிஷ் போட்ட அலுமினியத் தகடு என்றால்? "குறையும் மேடம், பளபளப்பு ஒளியைத் திருப்பி விட்டுடுமே" என்று சட்டென்று பதில் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 240 டிகிரியைத் தாண்டும். பாலிஷ் போட்ட அலுமினியம் வெயிலில் சுமார் 15 சதவீதத்தைத்தான் வாங்கும். ஆனால் வாங்கியதை அகச்சிவப்பாக வெளியே விடுவதில் அது இன்னும் பெரிய கஞ்சன், கறுப்புத் தகடு விடுவதில் 5 சதவீதம் அளவே விடும். மூன்றாவதாக, பின்பக்கம் வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் கண்ணாடி, ஓ.எஸ்.ஆர். என்போம். வாங்குவது 10 சதவீதம், விடுவது 80 சதவீதம். விடை பூஜ்யத்துக்குக் கீழே 39. மூன்று தகடு, ஒரே வெயில், நடுவில் 280 டிகிரி வித்தியாசம். பத்து நிமிடத்தில் போடக்கூடிய இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்களுக்கு, விண்வெளியில் எவ்வளவு குளிர் என்று யாராவது கேட்டால், எந்தப் பரப்புக்கு என்று திருப்பிக் கேட்கத் தோன்றும்.

செயற்கைக்கோள் படங்களில் தங்க நிறத்தில் ஒரு போர்வை சுற்றியிருக்குமே, அதைப் பார்த்து "நிஜத் தங்கமா?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. அது காப்டன் என்னும் பாலிமர்த் தாள். தாளின் சொந்த நிறம் தேன் நிறம். பின்னால் பூசிய அலுமினியம் அதன் வழியாக மின்னுவதால் தங்கம் மாதிரித் தெரிகிறது. உள்ளே அலுமினியம் பூசிய மெல்லிய தாள்கள் பல அடுக்கு. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க இடையில் வலைத்துணி. எம்.எல்.ஐ. என்று எங்கள் புழக்கம். வெயில் உள்ளே வராமலும் உள்சூடு வெளியே போகாமலும் தடுப்பது அதன் வேலை. சூட்டை வெளியே விட வேண்டிய இடத்தில் மட்டும் போர்வையில் ஒரு சன்னல் வெட்டி, ஓ.எஸ்.ஆர். ஒட்டிய பலகையைத் திறந்துவைப்போம். அதுதான் ரேடியேட்டர்.

பூமிக்கு 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று போகிறது. பல சுற்றுப்பாதைகளில் அதில் 35 நிமிடம் பூமியின் நிழலில் கழியும். ஒரு நாளைக்குப் பதினைந்து விடியல், பதினைந்து இரவு. பெட்டிக்குள் இருக்கும் சிப்புகளுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியம் அயன் பேட்டரிக்கு அறை வெப்பநிலையை ஒட்டித்தான் வாழ்க்கை. ஹைட்ரஸின் எரிபொருள் 2 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும் என்பதால் அதன் குழாய் நெடுகிலும் ஹீட்டர் சுற்றுவோம்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் சங்கதி. புத்தகத்தில் இல்லாத இடம் ஒன்று உண்டு. ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடும் இடம்.

பெட்டிக்குள் ஒரு சிப் சூடாகிறது. அந்தச் சூடு சிப்பிலிருந்து பி.சி.பி.க்கு, அங்கிருந்து அலுமினியச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து பெட்டியின் காலுக்கு, காலிலிருந்து கலத்தின் பலகைக்கு, பலகையிலிருந்து ரேடியேட்டருக்கு என்று கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். தரையில் என்றால் ஒரு ஃபேன் வைத்தால் தீர்ந்தது. மேலே காற்று கிடையாது. உலோகத்துக்குள் சூடு எப்படி ஓடும் என்பதில் குழப்பமில்லை. 6061 அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் 167, டைட்டானியக் கலவைக்கு 7 அளவில், கண்ணாடியிழைக்கு ஒன்றுக்கும் கீழே. கையேட்டைத் திறந்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் காலும் பலகையும் சேரும் பரப்புக்குக் கையேடு கிடையாது.

மெஷினில் அரைத்து வந்த பரப்பு கண்ணுக்குச் சமதளமாகத்தான் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேட்டு முனைகளில் மட்டுமே. தரையில் பள்ளத்துக்குள் நிற்கும் காற்று கொஞ்சம் சூட்டைக் கடத்திக் கைகொடுக்கும். வெற்றிடத்தில் அந்த உதவியும் போய்விடும். மிஞ்சுவது போல்ட்டைச் சுற்றி அழுத்தம் பலமாக இருக்கிற சின்ன வட்டம்.

20 வாட் சூடு தரும் பெட்டி, நான்கு கால் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலும் ஒரு டிகிரிக்கு 1 வாட் கடத்தினால் பெட்டி பலகையைவிட 5 டிகிரி அதிகம் இருக்கும். கால் வாட்தான் கடத்தினால் 20 டிகிரி. இரண்டுமே நடக்கக்கூடியவைதான். பரப்பு எவ்வளவு வழவழப்பு, பெயின்ட் பட்டிருக்கிறதா, நடுவில் கிராஃபைட் தாளோ சிலிகான் பசையோ வைத்தோமா, போல்ட்டை எவ்வளவு முறுக்கினோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். மாடலில் பத்து லட்சம் எலிமென்ட் வைத்து மெஷ் செய்தாலும் மென்பொருள் இந்த எண்ணைத் தானாகச் சொல்லாது. நான்தான் டைப் செய்ய வேண்டும்.

அதனால் ஒரே எண்ணைப் போட்டு ஒரே விடை எடுக்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஹாட் கேஸ், கோல்ட் கேஸ் என்று இரண்டு எல்லைகள் வைப்போம். ஹாட் கேஸில் எல்லாமே நமக்கு விரோதமாக இருக்கும்: இணைப்புகள் மோசமாகக் கடத்தும், பல ஆண்டுப் புற ஊதாவும் படிந்த அழுக்கும் ஓ.எஸ்.ஆரைக் கெடுத்திருக்கும், பெட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், பூமி சூரியனுக்கு நெருங்கிய ஜனவரித் தொடக்கமாக இருந்து வெயிலும் 3 சதவீதம் கூடியிருக்கும். கோல்ட் கேஸில் அத்தனையும் தலைகீழ். இரண்டுக்கும் நடுவில் பெட்டி பிழைத்தாக வேண்டும். அதற்கு மேலும் ஒரு ஓரம் விடுவோம். அமெரிக்க ராணுவ விண்கலத் தரநிலையில் அந்த ஓரம் 11 டிகிரி. கணித்ததற்கும் பறந்தபின் கண்டதற்கும் இருந்த வித்தியாசங்களைப் பழைய செயற்கைக்கோள்களில் தொகுத்துப் பார்த்துப் பிறந்த எண் அது. டெஸ்ட்டோடு மாடலைச் சரிபார்த்த பிறகும் இவ்வளவு விடச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஸ்ட்ரக்சர்காரியின் பக்கம். கலத்தின் வாழ்நாள் பல ஆண்டுகள். அது வாங்கும் அடியில் பெரும்பகுதி ராக்கெட்டில் ஏறும் சில நிமிடங்களில். எஞ்சின் முடுக்கம் ஒரு பக்கம், கிளம்பும்போது எழும் சத்தம் பலகைகளை உலுக்குவது ஒரு பக்கம், ராக்கெட்டின் அடுக்குகள் பிரியும்போது வெடிபொருள் வெடிக்கும் அதிர்ச்சி இன்னொரு பக்கம். ராக்கெட்டுக்கென்று சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு. கலமும் அதே அதிர்வெண்ணில் ஆடினால், சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிடும் ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே கலத்தை அதற்கு மேலே விறைப்பாக வைக்க வேண்டும். கலத்துக்குள் இருக்கும் பெட்டியை அதற்கும் மேலே. பெட்டியின் முதல் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டும் என்பது பரவலான நிபந்தனை.

பிறகு ரேண்டம் அதிர்வு. 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணும் ஒரே சமயத்தில் அடிக்கும். இதற்கும் கையால் போடும் கணக்கு ஒன்று உண்டு, 1954-ல் ஜான் மைல்ஸ் தந்தது. பெட்டி 200 ஹெர்ட்ஸில் ஆடுகிறது, அங்கே உள்ளீடு ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.1 ஜி சதுரம், அதிர்வு பத்து மடங்கு பெருகும் என்று வைத்துக்கொண்டால் சராசரி வீச்சு 18 ஜி-யை ஒட்டி வரும். உச்சத்துக்கு அதை மூன்றால் பெருக்குவது வழக்கம், 53 ஜி. கையில் தூக்கிப்பார்த்தால் இரண்டு கிலோ இருக்கிற பெட்டி அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். அந்த நூறு கிலோவையும் பிடித்து நிறுத்துவது அதே நான்கு கால், அதே நான்கு போல்ட். பெட்டி பலகையின் மேல் வழுக்கக் கூடாது, இடைவெளி திறக்கக் கூடாது, போல்ட் நீளக் கூடாது.

தாங்கும் பலத்தை, வரும் பளுவாலும் பாதுகாப்புக் காரணியாலும் வகுத்து ஒன்றைக் கழித்தால் மார்ஜின். பாதுகாப்புக் காரணி திட்டத்துக்குத் திட்டம் மாறும், 1.25, 1.4 எல்லாம் வழக்கமாகப் பார்க்கும் எண்கள். ரிவ்யூ கூட்டத்தில் மார்ஜின் 0.02 என்று ஒரு வரி வந்தால் அரைத்தூக்கத்தில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். 5 என்று வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. 5 என்றால் அங்கே தேவையில்லாத உலோகம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கிராம்களை ஏற்ற யாரோ எரிபொருள் செலவழிக்கிறார்கள்.

இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடம் பேட்டரி. பலகை குளிரிலும் சூட்டிலும் அலைந்தாலும் பேட்டரி அலையக் கூடாது என்பதால், அதன் காலுக்குக் கீழே கண்ணாடியிழை வாஷர் வைத்து டைட்டானிய போல்ட் போடச் சொல்வாள் தெர்மல்காரி. சூடு போகும் வழி அடைபடும். ஆனால் கண்ணாடியிழை அலுமினியம் அளவுக்கு விறைப்பானதல்ல. வாஷரின் தடிமன் கூடக்கூட அதிர்வெண் இறங்கும். மின்சாரப் பிரிவில் இருப்பவர் வந்து, கிரவுண்டிங் பட்டை ஒன்று செம்பில் போட வேண்டும் என்பார். அந்தப் பட்டை வழியாக மறுபடி சூடு ஓடும். இப்படியே போய்க் கடைசியில் வாஷர் தடிமனை மில்லிமீட்டரில் ஒரு தசம இடம் வரை பேரம் பேசி முடிப்போம்.

எங்கள் அசெம்பிளிப் பிரிவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஓசூர்ப் பக்கம் சொந்த ஊர், ஐ.டி.ஐ. ஃபிட்டர். டிராயிங்கை வெளியே விடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவோம். வெளியாள் இருந்தால் 'மேடம்', இல்லாவிட்டால் 'ஏம்மா'.

"ஏம்மா, இந்த மூலையில போல்ட் வெச்சிருக்க. ஸ்பேனர் எந்தப் பக்கமா போகும்?"

திரையில் போல்ட் என்பது ஒரு கோடு. இரண்டு முனையிலும் சிலந்திக்கால் மாதிரிச் சில கோடுகள். அதற்குத் தலை கிடையாது, ஸ்பேனர் திரும்ப இடம் தேவையில்லை. அண்ணன் பார்ப்பது இன்னும் வராத வயர்க்கட்டை. "இங்க கனெக்டர் வந்து உக்காந்துடும். டார்க் ரென்ச் நேரா நிக்காது, அடாப்டர் மாட்டித்தான் திருப்பணும். அடாப்டர் மாட்டினா நீ குடுத்த செட்டிங் செட்டிங்கே இல்ல." அவர் சொல்வது சரிதான். அடாப்டர் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்கு ஏற்ப ரென்ச்சின் அளவை மாற்றி வைக்க வேண்டும். மாற்றாவிட்டாலும் கிளிக் சத்தம் ஒழுங்காகக் கேட்கும், போல்ட்டில் மட்டும் வேறு முறுக்கு இருக்கும்.

ஒழுங்காகவே முறுக்கினாலும், கொடுத்த முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப்பிடிக்கும் விசையாக மாறுகிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடும். மரையில் மசகு இருக்கிறதா, போல்ட் புதிதா, ஏற்கனவே கழற்றி மாட்டியதா என்பதையெல்லாம் பொறுத்து, ஒரே டார்க்கில் கிடைக்கும் இழுவிசை 25, 30 சதவீதம் வரை முன்னே பின்னே போகும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவோம். அந்த இழுவிசையை நம்பித்தான் பெட்டி வழுக்காது என்று எழுதுகிறேன். அதே இழுவிசை தரும் அழுத்தத்தை நம்பித்தான் சூடு கடக்கும் என்றும் எழுதுகிறேன். இரண்டு ரிப்போர்ட்டுக்கும் ஆதாரம் அண்ணனின் மணிக்கட்டில் இருக்கிறது.

வெப்பமும் கட்டமைப்பும் தனித்தனிப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஹப்பிள் தொலைநோக்கியின் கதையைச் சொல்வேன். 1990 ஏப்ரலில் ஏவினார்கள். கண்ணாடி வளைவில் இருந்த பிழை உலகத்துக்கே தெரியும். சோலார் இறக்கைகள் செய்த குறும்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை கொடுத்த அந்த இறக்கைகளை மெல்லிய எஃகுப் பட்டைகள் சுருள் விரிந்து உருவாகும் கம்பங்கள் தாங்கின. இருளிலிருந்து வெயிலுக்கு வரும்போது கம்பத்தின் ஒரு பக்கம் சட்டென்று சூடாகி நீளும், மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். கம்பம் வளையும். சுற்றுக்கு இரண்டு தடவை, விடியும்போதும் அடையும்போதும், தொலைநோக்கி முழுக்க நடுங்கியது. 1993 டிசம்பரில் போன விண்வெளி வீரர்கள் இறக்கைகளையே மாற்றினார்கள். புதிய கம்பங்களுக்கு வெப்பக் காப்பு உறை போட்டிருந்தது. பழைய இறக்கைகளில் ஒன்று கம்பம் கோணிப்போய்ச் சுருட்ட முடியாத நிலையில் இருந்ததால், அந்த வீரர்களில் ஒருவரான கேத்ரின் தார்ன்டன் அதைக் கையால் பிடித்து விண்வெளியிலேயே விட்டுவிட்டார்.

எங்கள் பெட்டி அளவிலும் இது உண்டு. 200 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பெட்டி 60 டிகிரி ஏறி இறங்கினால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும், சுருங்கும். அடியில் இருப்பது கார்பன் இழைப் பலகை என்றால் அது ஏறத்தாழ அசையாது. நீள வழியில்லாத பெட்டி பலகையை வளைக்கும். அந்தப் பலகையில் கேமராவும் உட்கார்ந்திருந்தால் அது வேறு திசையைப் பார்க்கும். வளையாமல் இருக்க ஒரு காலைக் கெட்டியாகப் பிடித்து மற்ற கால்களை வளைந்துகொடுக்கும்படி செய்தால், அதிர்வெண் இறங்கும், தொடுபரப்பு குறையும், சூடு தேங்கும்.

கணக்கெல்லாம் முடிந்து பொருள் டெஸ்ட்டுக்குப் போகும் நாளில் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அதிர்வு டெஸ்ட்டில் பெட்டியை ஃபிக்ஸ்சரில் பூட்டி ஷேக்கர் மேல் வைப்பார்கள். பெரிய அடிக்கு முன்னால் மெதுவாக ஆட்டி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆடுகிறது என்று வரைபடத்தில் ஒரு கோடு எடுப்போம். பெரிய அடிக்குப் பின்னால் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் உள்ளே எதுவும் தளரவில்லை என்று பொருள். சிகரம் இடதுபக்கம் நகர்ந்தால் எங்கோ விறைப்பு குறைந்திருக்கிறது.

ஒருமுறை அப்படி நகர்ந்தது. டெஸ்ட் அறையில் எல்லோருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது. பெட்டியைத் திறக்கலாமா என்று பேச்சு கிளம்பிவிட்டது. திறந்தால் சீல் போகும், பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லா டெஸ்ட்டும். மாடலில் ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தேன். உள்ளே எந்த மூட்டைத் தளர்த்தினாலும் இரண்டாவது சிகரமும் சேர்ந்து நகர்ந்தது. டெஸ்ட்டில் முதல் சிகரம் மட்டும்தான் நகர்ந்திருந்தது. அடித்தளத்தை இளக்கினால்தான் அப்படி வந்தது. அண்ணனிடம் சொன்னேன். டார்ச்சை வாங்கிக்கொண்டு ஷேக்கரைச் சுற்றி வந்தார். முறுக்கி முடித்த போல்ட்டின் தலையிலிருந்து அடிப்பரப்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். பெட்டியின் போல்ட்டுகளில் எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. ஃபிக்ஸ்சரை ஷேக்கரோடு பூட்டிய ஒரு போல்ட்டில் மட்டும் கோடு இரண்டாக முறிந்து, தலைப்பாதி கொஞ்சம் விலகி நின்றது. முறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். கோடுகள் படிந்தன.

தெர்மோவேக் இதற்கு நேர்மாறு. சத்தமில்லாத, பொறுமையைச் சோதிக்கும் டெஸ்ட். அறையைப் பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு, உள்சுவரில் திரவ நைட்ரஜனை ஓடவிடுவார்கள். பெட்டியின் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிகூட மாறாமல் நிலைக்கும்வரை காத்திருந்து அளவெடுத்து, பிறகு சூட்டுக்கு ஏற்றி, மறுபடி குளிருக்கு இறக்கி, இரவு பகலாக ஓடும். டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, தெர்மோகப்பிள் எண்களை மாடலின் எண்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். ஒத்துப்போகாவிட்டால் மாடலைத் திருத்த வேண்டும். தகட்டின் கடத்துதிறனில் கைவைக்கும் புதுப்பிள்ளைகளின் கையைத் தட்டிவிடுவேன். அலுமினியம் அலுமினியம்தான். திருத்த வேண்டியது இணைப்பு எண்களை; அதிலும் ஒரு இணைப்பை மாற்றினால் அதே மாதிரி எல்லா இணைப்பையும் அதே எண்ணுக்கு மாற்ற வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒத்துப்போக ஒரு எண், இன்னொரு புள்ளிக்கு இன்னொரு எண் என்றால் அதற்குப் பெயர் ஒட்டுவேலை.

மேலே போனபிறகு சூழல் என்ன செய்யும் என்பதற்கும் நம் நாட்டுக் கலங்களிலேயே பாடம் இருக்கிறது. 2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய சந்திரயான்-1, நிலவுக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபோது நவம்பரிலேயே உள்வெப்பம் 50 டிகிரி வரை ஏறியது. நிலவின் பகல்பக்கம் 120 டிகிரி வரை சுடும். மேலே வெயில், கீழே நிலவு விடும் அகச்சிவப்பு. கலத்தைத் திருப்பிவைத்தும், கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டாமலும் சூட்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மங்கள்யானுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். நிழலில் 1 மணி 40 நிமிடம் வரை தாங்கும்படி வடிவமைத்த கலம் 2014-லிருந்து செவ்வாயைச் சுற்றி, 2022-ல் ஏழு மணி நேரத்துக்கு மேல் நீண்ட நிழலைச் சந்தித்த பிறகு பேசவில்லை. 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டர் ஒரு நிலவுப்பகல் உழைக்கச் செய்யப்பட்டது. அதிலிருந்த சாஸ்டே கருவி மண்ணுக்குள் இறங்கி அளந்தபோது, சுடுகிற மேற்பரப்பிலிருந்து 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்குப் போய்விட்டது. காற்றில்லாத இடத்தில், ஒன்றையொன்று புள்ளியாகத் தொடும் தூள்மண் எவ்வளவு மோசமாகச் சூட்டைக் கடத்தும் என்பதற்கு இதைவிட நல்ல அளவீடு நான் பார்த்ததில்லை. அந்த வரைபடத்தை இணைப்பு எண்கள் பற்றிய என் வகுப்பில் இப்போது முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.

2020-க்குப் பிறகு தனியார் நிறுவனங்களுக்குக் கதவு அகலத் திறந்ததில் இந்த வேலைக்கு ஆள் தேவை கூடியிருக்கிறது. சென்னையில் அக்னிகுல் 2024 மேயில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட் விட்டது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. கோயம்புத்தூர், திருச்சி, நாகர்கோவில் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் எழுதிக் கேட்கிறார்கள், எந்த மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும் என்று. எதைக் கற்றாலும் சரி. மூன்று மாதத்தில் கை பழகிவிடும். ஹீட் டிரான்ஸ்ஃபர், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், வைப்ரேஷன் மூன்றையும் பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தால் மறுபடி படியுங்கள். படிக்கும்போதே ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் நின்று போல்ட் முறுக்கிப் பாருங்கள்.

மென்பொருள் இப்போது அதிவேகம். முன்பு இரவெல்லாம் ஓடியது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்து, சிவப்பும் நீலமுமாகப் படம் தயாராகிவிடுகிறது. படம் அழகாக இருக்கிறது என்பதாலேயே அதை நம்பிவிடும் ஆபத்தும் அதோடு வளர்ந்திருக்கிறது. ஒரு ரிப்போர்ட் கையெழுத்துக்கு வந்தால் நான் படங்களைத் தாண்டி, அனுமானங்கள் என்ற பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு இணைப்புக்கும் என்ன எண் போட்டிருக்கிறார்கள், அது எந்த டெஸ்ட்டிலிருந்து வந்தது, பாதியானாலும் இரட்டிப்பானாலும் பெட்டி தாங்குமா என்று மூன்று பத்தி அங்கே இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் அன்றைக்கே கையெழுத்து. ஒன்று காலியாக இருந்தாலும் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, அசெம்பிளிக்குப் போய் அண்ணனைக் கேட்டு வா என்று சொல்லிவிடுவேன்.